நடிக்கும் குரல்: நூர்ஜஹான் அம்மையாரின் கலைவாழ்வு

பாகிஸ்தானின் பாடகியும் நடிகையுமாக விளங்கிய நூர்ஜஹான் அம்மையாரைப் பற்றி எழுதுவோர் இரு திறத்தினர். ஒரு சாரார் ‘மலிகா-ஏ-தரன்னும்’, அதாவது இன்னிசையரசி, என்னும் அவருடைய பட்டத்தைச் சொல்லி, அதன்மேல் மேலும் சில புகழுரைகளை அடுக்கி முடித்துவிடுவர். மற்றொரு சாரார் அவர் யாரை மணந்தார், யாரைப் பிரிந்தார், எத்தகைய நகை அணிந்தார் என்னும் கதைகளாலேயே பக்கங்களை நிரப்புவர். உருதுச் சிறுகதையாசிரியருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படும் ஸஆதத் ஹஸன் மண்டோவே, இவரைப் பற்றித் தாம் வரைந்த சொற்சித்திரத்தில் மிகுந்த இடத்தைக் காதல் விவகாரத்துக்குக் கொடுத்தார் எனின், ஏனையோரைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. முன்னது வழிபாடு; பின்னது வம்பு. இரண்டும் விமர்சனம் ஆகா.

நாம் இங்கு ஆராயப் புகுவது வேறு. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் பாடிய ஒருவர், பாட்டைக் கொண்டு என்ன செய்தார்? அவருடைய கலைவாழ்வின் முற்பகுதி உயர்ந்தது, பிற்பகுதி தாழ்ந்தது என்று கற்றோர் பலர் தீர்ப்பளித்துள்ளனர். அத்தீர்ப்பு எவ்வளவு பொருந்தும்? நம்மில் உருதுவும் பஞ்சாபியும் அறிந்தார் சிலரே. ஆயினும், இந்துஸ்தானிப் பாட்டின் மெட்டைப் பொருள் விளங்காமலே முணுமுணுத்தவர்கள் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. மொழி தெரியாதிருக்கவும், ‘இது துயரம்’, ‘இது ஊடல்’, ‘இது கேலி’ என்று நமக்கு விளங்குகிறதே, அஃது எவ்வாறு? அவ்வினாவுக்கு விடை தேடுவோர்க்கு நூர்ஜஹானைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

கசூரும் கல்கத்தாவும்

லாகூருக்குத் தெற்கேயுள்ள கசூர் என்னும் ஊரில் 1926-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் அல்லா வசாயி. கசூர், பஞ்சாபி ஞானக்கவியாகிய புல்லே ஷாவின் அடக்கத்தலம் அமைந்த ஊர். இந்துஸ்தானி சங்கீத மேதை படே குலாம் அலி கானும் அவ்வூரிற் பிறந்தவரே. அல்லா வசாயியின் குடும்பம் பரம்பரையாகப் பாட்டையே தொழிலாகக் கொண்டது. அத்தகைய குடும்பங்களின் நிலை எத்தேசத்திலும் ஒன்றே. மணவீட்டிலும் விழாவிலும் அவர்கள் இல்லாமற் காரியம் நடவாது. ஆயினும் விழா முடிந்தபின் அவர்களைச் சமமாக அருகிலிருத்திப் பேசுவார் இரார்.

குழந்தைப் பருவத்திலேயே குலாம் முகம்மது என்னும் ஆசிரியரிடம் அவருக்குப் பயிற்சி தொடங்கிற்று. சிறுமியாயிருக்கும்போதே தமக்கையருடன் கல்கத்தாவை அடைந்து, ‘பேபி நூர்ஜஹான்’ என்னும் பெயரோடு மேடையேறினார். இச்செய்தியை எழுதுவோர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். நம் கருத்தில் அவருடைய கலைக்கு மூலம் இங்கேயே உள்ளது. நாடகமேடையிற் பாடுவோர், கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்கும்படி பாடவேண்டும். பாடும்போதே கண்ணும் கையும் அச்சொல்லின் பொருளைக் காட்டவேண்டும். ஆசிரியரின் எதிரே அமர்ந்து சங்கீதம் கற்பவனுக்கு ராகம் முதலில் வரும். பாவம் பின்னர் வரும். சிலருக்குப் பாவம் வாராமலே போவதும் உண்டு. மேடையில் வளர்ந்த குழந்தைக்கோ இரண்டும் பிரிக்கவொண்ணாதபடி ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

அக்காலத்துப் பேசும்படத்தின் நிலையையும் சிறிது அறிதல் வேண்டும். இந்தியாவின் முதற் பேசும்படமாகிய ‘ஆலம் ஆரா’ 1931-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தொடக்கத்தில் நடிகர் காமிராவின் முன் நின்றபடியே பாடவேண்டும். வாத்தியக்காரர் படத்தில் விழாதவாறு மறைவிலிருந்து வாசிப்பர். 1935-ஆம் ஆண்டில் கல்கத்தா நியூ தியேட்டர்ஸார் ‘தூப் சாவோன்’ என்னும் படத்தில், பாட்டை முன்னரே பதிவு செய்து, படம் எடுக்கும்போது உதட்டை மட்டும் அசைக்கச் செய்யும் முறையைக் கையாண்டனர். பாட அறியாதவரும் நடிகராகலாம், நடிக்க அறியாதவரும் பாடகராகலாம் என்னும் ஏற்பாட்டுக்கு அன்றே வித்து இடப்பட்டது. எனினும் அவ்வித்து மரமாகப் பத்தாண்டுக்கு மேற் சென்றது. அந்த இடைக்காலத்தில் தாமே பாடித் தாமே நடித்தோரே ஜனங்களின் உள்ளத்தைக் கவர்ந்த நட்சத்திரங்கள். குந்தன் லால் ஸைகால், சுரேந்திரா, சுரையா ஆகியோரோடு நூர்ஜஹானும் அவ்வரிசையில் நின்றவர்.

லாகூரும் பம்பாயும்

கல்கத்தாவிலிருந்து பஞ்சாபுக்குத் திரும்பிய நூர்ஜஹானுக்கு, லாகூரில் குலாம் ஹைதர் என்னும் இசையமைப்பாளரின் துணை வாய்த்தது. வங்காளத்துப் பாணியில் மெல்ல நடந்துகொண்டிருந்த சினிமா சங்கீதத்திற் பஞ்சாபின் டோலக்கு அடியைப் புகுத்தி, அதற்கு ஒரு துள்ளலைக் கொடுத்தவர் ஹைதர். தல்சுக் பஞ்சோலி தயாரித்த ‘குல் பகாவலி’ என்னும் பஞ்சாபிப் படம் 1939-ஆம் ஆண்டில் வெளிவந்தபோது நூர்ஜஹானுக்கு வயது பதின்மூன்றே. அப்படத்தின் பாட்டுக்கள் பஞ்சாப் முழுதும் பரவின. 1942-ஆம் ஆண்டில் வந்த ‘கான்தான்’ படத்தில், பிற்காலத்தில் வில்லன் வேடத்தால் பெயர்பெற்ற பிராணுக்கு இணையாகக் கதாநாயகியானார். அப்படத்தின் டைரக்டர் ஷௌகத் ஹுஸைன் ரிஸ்வியையே பின்னர் மணந்தார்.

அதன்பின் பம்பாய். 1945-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸீனத்’ படத்தில் பெண்கள் குரலாலேயே அமைந்த ஒரு கவ்வாலி இடம்பெற்றது; அதிற் பாடியவருள் நூர்ஜஹானும் ஒருவர். ஆடவர்க்கே உரியது என்று கருதப்பட்டுவந்த பாட்டுமுறையைப் பெண்கள் கூடிப் பாடியதும், அதை ஜனங்கள் விரும்பிக் கேட்டதும் சிறு செய்தியல்ல. மறு ஆண்டு, மெஹ்பூப் கானின் ‘அன்மோல் கடீ’ வந்தது. நௌஷாத் இசையமைத்த இப்படத்திலேயே நூர்ஜஹானின் கலை முழு வடிவம் பெற்றது என்பது நம் துணிபு.

கதை எளிது. ஏழைச் சிறுவன் ஒருவனும் செல்வர் வீட்டுச் சிறுமி லதாவும் இளமையிற் பிரிகின்றனர்; பிரியும்போது லதா அவனுக்கு ஒரு கடிகாரத்தை நினைவுப்பொருளாகத் தருகிறாள். வளர்ந்தபின் அவள் ரேணு என்னும் புனைபெயரில் நூல்கள் எழுதுகிறாள். அந்நூல்களில் உள்ளம் தோய்ந்த அவன், அவற்றை எழுதியவள் தன் பழைய தோழியே என்பதை அறியான். இடையில் அவனைக் காதலிக்கும் மற்றொரு பெண்ணாகச் சுரையா வருகிறார். அவனாகச் சுரேந்திரா நடிக்கிறார். மூவரும் தாமே பாட வல்லவர். ஆகவே மூவரையும் ஒப்பிட இதைவிட வசதியான படம் வேறில்லை.

சுரையாவின் பாட்டு இனியது. கேட்டு மகிழ்ந்து அடுத்த காட்சிக்குச் சென்றுவிடுகிறோம். சுரேந்திராவின் பாட்டு ஒழுங்கானது. அதிற் குறைசொல்ல இடமில்லை. நூர்ஜஹானும் சுரேந்திராவும் இணைந்து, பிரிந்தவரைக் கூவியழைக்கும் பாட்டு ஒன்று உண்டு. அதில் நூர்ஜஹான் முதற்சொல்லை எடுக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். அச்சொல் தொலைவிலுள்ள ஒருவனை நோக்கி எறியப்பட்டதுபோல் மேலெழுகிறது. விடை வாராமையை அறிந்ததுபோற் சற்றே தளர்ந்து இறங்குகிறது. மறுமுறை எடுக்கும்போது முன்னிருந்த நம்பிக்கையிற் சிறிது குறைந்திருக்கிறது. படத்தைப் பாராமல் கிராமபோன் தட்டை மட்டும் கேட்பவனுக்கும், அழைப்பவள் தனித்து நிற்கிறாள், அழைக்கப்படுபவன் எட்டாத தூரத்தில் உள்ளான் என்பது விளங்குகிறது. இதனையே நாம் ‘நடிக்கும் குரல்’ என்கிறோம். பாட்டுக்கு நடிப்பு துணையாக வந்ததன்று. பாட்டினுள்ளேயே நடிப்பு நிகழ்கிறது.

இத்தகைய குரல் உடல் வலிமையின்றி அமையாது. பதிவுக்கு முன் எண்ணெய் மிதக்கும் ஊறுகாயைத் தின்று, பனிக்கட்டி நீரைக் குடித்துவிட்டு மைக்கின்முன் நிற்பார் என்று மண்டோ வியந்து எழுதினார். தொண்டையைப் பட்டுத்துணியிற் சுற்றிக் காக்கும் பாடகர் மத்தியில் அஃது ஒரு விந்தையே. ஆனால் அவ்வலிமைக்குக் காரணம் ஊறுகாய் அல்ல. ஐந்தாறு வயது முதல் நாள்தோறும் செய்த சாதகமும் மேடையுழைப்பும் என்பதை வாசகர் மறவாதிருத்தல் வேண்டும்.

1947

அவ்வாண்டில் இந்துஸ்தானி சினிமா தன் பழைய உருவத்தை இழந்தது. ஜனவரி மாதம் ஸைகால் காலமானார். ஆகஸ்டு மாதம் தேசம் இரண்டாயிற்று. திலீப் குமார் கதாநாயகராக நடித்த ‘ஜுக்னு’ படம் அவ்வாண்டிலேயே வெளிவந்து பெருவெற்றி பெற்றது. அதில் முகம்மது ரபியுடன் நூர்ஜஹான் பாடிய பாட்டு இன்றும் கேட்கப்படுகிறது. அவ்வெற்றியின் நடுவிலேயே அவரும் கணவரும் பம்பாயை விட்டுப் பாகிஸ்தான் சென்றனர். சுரையாவும் பஞ்சாபிற் பிறந்தவரே. அவர் பம்பாயிலேயே தங்கினார்.

‘நூர்ஜஹான் செல்லாதிருந்தால் லதா மங்கேஷ்கர் உயர்ந்திருப்பாரா?’ என்னும் வினாவை இன்றும் சிலர் கிளப்புகின்றனர். இது பயனற்ற வினா. 1945-ஆம் ஆண்டில் ‘படீ மா’ படத்தில் நூர்ஜஹான் கதாநாயகி. லதா அதிற் சிறு வேடம் தாங்கிய இளம்பெண். நூர்ஜஹானைத் தாம் முன்மாதிரியாகக் கொண்டதை லதாவே கூறியுள்ளார். 1940-களின் இறுதியில் அவர் பாடிய சில பாட்டுக்களில் அச்சாயல் தெளிவாகக் கேட்கும். ஆனால் 1949-ஆம் ஆண்டில் ‘மஹல்’, ‘பர்ஸாத்’ முதலிய படங்கள் வந்தபோது காலமே மாறிவிட்டது. நடிப்பது ஒருவர், பாடுவது மற்றொருவர் என்னும் தொழிற்பிரிவு நிலைபெற்றது. அப்பிரிவுக்கு லதாவின் குரல் மிகப் பொருந்தியது. அது தெளிந்த நீர் போன்றது. எந்தப் பாத்திரத்தில் ஊற்றினும் அதன் வடிவை ஏற்கும். எந்த நடிகையின் முகத்துக்கும் இசையும். நூர்ஜஹானின் குரல் அத்தன்மையதன்று. யார் உதடசைத்தாலும் பாடுபவர் நூர்ஜஹான் என்பது தெரிந்துவிடும். இரண்டும் உயர்ந்த கலையே; இரண்டின் இயல்பும் வேறு. ஒன்றை உயர்த்த மற்றதைத் தாழ்த்துவோர் இரண்டையும் கேட்டறியாதவர் ஆவர்.

நூர்ஜஹான் சென்றடைந்த லாகூர், அவர் விட்டுவந்த லாகூராக இல்லை. பஞ்சோலி முதலிய இந்துத் தயாரிப்பாளர் இந்தியாவுக்குப் போய்விட்டனர். ஸ்டூடியோக்கள் கலகத்தில் அழிந்து கிடந்தன. அவ்வாறு பாழ்பட்ட இடமொன்றைப் பெற்று, ரிஸ்வியும் நூர்ஜஹானும் ‘ஷாநூர்’ என்னும் ஸ்டூடியோவை எழுப்பினர். 1951-ஆம் ஆண்டில் அவருடைய முதற் பாகிஸ்தான் படமாகிய ‘சன் வே’ பஞ்சாபி மொழியில் வெளிவந்தது. அதற்கு டைரக்டர் என்று திரையில் விளங்கிய பெயர் நூர்ஜஹானுடையதே. அந்நாட்டில் ஒரு பெண்ணின் பெயர் அவ்விடத்தில் வந்தது அதுவே முதன்முறை. உண்மையில் இயக்கியவர் கணவரே என்று கூறுவோரும் உளர். கணவரின் உதவியைப் பெற்ற மனைவியின் உழைப்பைக் கணவர் கணக்கில் எழுதும் வழக்கம் நமக்குப் புதிதன்று. மனைவியின் உதவியைப் பெற்ற கணவரின் உழைப்பை யாரும் அவ்வாறு எழுதக் கண்டதில்லை.

1952-ஆம் ஆண்டில் வந்த ‘துபட்டா’ எல்லைக்கு இப்பாலும் விரும்பிப் பார்க்கப்பட்டது. 1956-இல் ‘இன்தெஸார்’, 1959-இல் ‘கோயல்’ ஆகிய படங்களுக்குக் குவாஜா குர்ஷித் அன்வர் இசையமைத்தார். இவர் தத்துவ சாஸ்திரத்திற் பட்டம் பெற்றவர். அவசரமின்றி, குறைவாகவே இசையமைத்தவர். சாஸ்திரீய ராகத்தின் நேர்மையும், கதையில் வரும் பெண்ணின் மனநிலையும் ஒன்றையொன்று தின்றுவிடாதபடி மெட்டமைப்பதே அவருடைய திறமை. நூர்ஜஹானின் குரலுக்கு ஏற்ற வேடத்தைச் சங்கீதத்திலேயே தைத்துக் கொடுத்தவர் இவர் என்னலாம்.

திரைக்கு அப்பால்

1961-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மிர்ஸா காலிப்’ படத்தோடு கதாநாயகியாக நடிப்பதை அவர் நிறுத்தினார். ரிஸ்வியைப் பிரிந்து, 1959-ஆம் ஆண்டில் நடிகர் இஜாஸ் துரானியை மணந்திருந்தார். குழந்தைகளின் பொறுப்பு, இரண்டாம் மணவாழ்க்கை, வயது என்று பல காரணங்களைக் கூறுவர். முப்பத்தைந்து வயதில் ஒரு நடிகைக்கு ‘வயதாகிவிட்டது’ என்று கூறும் தொழில், ஐம்பது கடந்த ஆடவனைக் கல்லூரி மாணவனாக்கி ஆடவிடும் தொழிலேயாம். எவ்வாறாயினும், நடிகை மறைந்தார். குரல் மட்டும் எஞ்சிற்று.

எஞ்சியது குறைபட்டதா? இதற்கு விடை 1962-ஆம் ஆண்டில் ‘கைதி’ படத்திற்காக ரஷீத் அத்ரேயின் இசையில் அவர் பாடிய பைஸ் அகமது பைஸின் கவிதையில் உள்ளது. பைஸ் 1941-ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது முதற்றொகுப்பிற் சேர்த்திருந்த கவிதை அது. காதலியை நோக்கிப் பேசும் ஒருவன், முன்போல் உன்னையே நினைந்து உருக என்னால் இயலாது, உலகில் மக்கள் படும் துன்பத்தை என் கண் கண்டுவிட்டது என்று சொல்வதே அதன் கருத்து. கவிதையிற் பேசுபவன் ஆண்; பாடுபவர் பெண். அதுவன்றி, நடுவில் கவிதை காதலிலிருந்து உலகத்துக்குத் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தைச் சாமானியப் பாடகர் கவனியாமலே கடந்துவிடுவர். அல்லது அவ்விடத்தில் உரத்த குரலெழுப்பி அதைப் பிரசங்கமாக்கிவிடுவர். நூர்ஜஹான் இரண்டும் செய்யவில்லை. காதலின் சொற்களை முழுக் காதலோடே பாடுகிறார். ஆகவே அதை விட்டு விலகும்போது விலகுவதன் வலி நமக்குக் கேட்கிறது. துறப்பதற்கு ஒன்றும் இல்லாதவன் துறந்தேன் என்பதிற் சிறப்பென்ன? துறக்கப்படுவதன் அருமையை முதலிற் காட்டினாலன்றித் துறவு விளங்காது என்பதை அக்குரல் அறிந்திருந்தது. இனி அக்கவிதை தம்முடையதன்று, நூர்ஜஹானுடையதே என்று பைஸ் சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது.

நிற்க. 1965-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் பதினேழு நாள் போரிட்டன. லாகூர் எல்லையோர நகரம். நூர்ஜஹான் லாகூர் வானொலி நிலையத்துக்குச் சென்று, ஸூபி தபஸ்ஸும் முதலிய கவிஞர் எழுதிய பாட்டுக்களைப் பாடினார். அப்பாட்டுக்கள் அவருக்குப் பாகிஸ்தானில் அழியாத இடத்தைப் பெற்றுத் தந்தன. இந்தியாவில் அவருடைய பழைய அன்பர் சிலருக்கு அவை கசந்தன. நாம் அரசியற் சார்பின்றிக் கலையை மட்டும் நோக்குவோம். அப்பாட்டுக்களிற் பஞ்சாபி மொழியில் அமைந்தவையே சிறந்தவை; அவற்றுள்ளும், படைவீரரைத் தன் வயிற்றிற் பிறந்த மக்களாக எண்ணும் தாயின் குரலில் அமைந்ததே தலைசிறந்தது. அதில் வெற்றி முழக்கத்தைவிட இழப்பின் அச்சமே மிகுதி. எல்லைக்கு அப்பால் நின்ற வீரரிலும் பஞ்சாபியைத் தாய்மொழியாகக் கொண்டோர் பலர். தாயின் துயரத்தை அவ்வாறு பாடுமிடத்து, அது எந்தப் பக்கத்துத் தாய்க்கும் உரியதாகிவிடுகிறது. பாடியவர் அதை எண்ணிப் பாடினாரா என்பது வேறு. குரல் உண்மையாக நடித்தமையால், பாட்டு தான் எழுதப்பட்ட காரியத்தைக் கடந்துவிட்டது.

குறையும் அதன் காரணமும்

இனி, பிற்பகுதி தாழ்ந்தது என்னும் தீர்ப்பை ஆராய்வோம். 1970-ஆம் ஆண்டில் குர்ஷித் அன்வரின் இசையில் வந்த ‘ஹீர் ராஞ்சா’ பாட்டுக்களைத் தாழ்ந்தவை என்று ஒருவரும் சொல்லார். பதினெட்டாம் நூற்றாண்டில் வாரிஸ் ஷா பாடிய காதற்காவியத்தின் கதை அது. நடிகை பிர்தௌஸின் முகத்திலிருந்து எழும் நூர்ஜஹானின் குரல், நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணின் குரல் என்று யாருக்கும் தோன்றாது. தீர்ப்பு குறிப்பது அதன்பின் வந்த காலத்தை. 1970-களின் இறுதியிலிருந்து பாகிஸ்தானில் உருதுப் படம் மெலிந்தது. அரிவாளும் ரத்தமும் நிறைந்த பஞ்சாபிப் படம் பெருகிற்று. 1979-ஆம் ஆண்டில் வந்த ‘மௌலா ஜட்’ அவ்வகைக்குத் தலைமகன். அத்தகைய படங்களில், அஞ்சுமன் முதலிய நடிகையர் வயல்வெளியில் ஆடும் ஆட்டத்துக்கு நூர்ஜஹானின் குரல் வேண்டப்பட்டது. அவரும் பாடினார், ஓயாது பாடினார்.

அப்பாட்டுக்களிற் பல கொச்சையானவை என்பதை மறுப்பதற்கில்லை. இரட்டைப் பொருட் சொற்கள், ஒன்றைப்போல் மற்றொன்றான மெட்டுக்கள், அவசரத் தயாரிப்பு ஆகியவை மலிந்துள்ளன. மேலும், கதாநாயகி யாராயினும் ஒரே குரல் என்னும் நிலை ஏற்பட்டமையால், வளர்ந்துவரும் பாடகியர்க்கு இடம் குறைந்தது. ஒரு பெருமரத்தின் நிழலிற் செடிகள் வெளுத்துப்போவது இயற்கையே ஆயினும், மரத்தை விரும்பியவர் அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

ஆனால் இதனைக் குரலின் தளர்ச்சி என்று கொள்வது தவறு. அக்காலத்துப் பாட்டுக்களிலும் வஜாஹத் அத்ரே போன்றோர் இசையமைத்த சிலவற்றைக் கேட்டால், கேலி செய்யும் கிராமத்துப் பெண்ணின் மிடுக்கும் குறும்பும் அப்படியே கண்முன் நிற்கின்றன. கருவி பழுதுபடவில்லை. பழுதுபட்டது அதற்குக் கொடுக்கப்பட்ட வேடம். இவ்விடத்திலேதான் நாம் மேலே கூறிய இயல்பு தன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. தெளிந்த நீர் போன்ற குரல் மட்டமான சொல்லையும் சற்றே தூய்மைப்படுத்திவிடும். சொல்லைக் கவனியாது இசையை மட்டும் நுகர்ந்து நாம் தப்பித்துக்கொள்ளலாம். நடிக்கும் குரலுக்கு அவ்வசதி இல்லை. அது சொல்லின் பொருளுக்குள் நுழைந்து அதை முழுமையாக நடித்துக் காட்டும். பைஸின் சொல்லைக் கொடுத்தால் பைஸை நடிக்கும். கடைத்தெருச் சொல்லைக் கொடுத்தால் கடைத்தெருவை நடிக்கும். ஆகவே அவர் ஏற்றமும் இறக்கமும் ஒரே இயல்பிலிருந்து பிறந்தவை.

அவ்வாறாயின் குற்றம் யாருடையது? ஒரு பகுதி அவருடையதே. வேண்டாம் என்று மறுக்கும் செல்வாக்கு அவருக்கு இருந்தது. எனினும் மறுத்ததைவிட ஏற்றதே அதிகம். பல குழந்தைகளைத் தாமே வளர்த்த பெண்ணுக்கு வருமானம் வேண்டியிருந்தது என்பது காரணமாகலாம். பெரும்பகுதியோ, அவரைச் சூழ்ந்த தொழிலுக்கும் சமூகத்துக்கும் உரியது. ஒரு பெண்ணின் குரலுக்குப் பட்டமும் பதக்கமும் அளித்த தேசம், அந்தப் பெண் முப்பத்தைந்து வயதுக்குமேல் நடிக்கத்தக்க ஒரு கதையை எழுதவில்லை. அவருடைய பெயரை டைரக்டர் என்று ஒருமுறை தாங்கிய திரை, மறுமுறை தாங்கவில்லை. நல்ல கவிஞரும் நல்ல இசைவாணரும் சினிமாவை விட்டு விலகியபோது, அவர்களை நிறுத்திவைக்க ஒருவரும் முயலவில்லை. இவ்வளவும் செய்தபின், பாடகியைப் பார்த்து ‘தரம் தாழ்ந்தாய்’ என்பது எளிது.

அவருடைய சொந்த வாழ்வைப் பற்றிய வம்பையும் இக்கணக்கிலேயே சேர்க்கவேண்டும். இருமுறை மணந்து இருமுறை பிரிந்த ஆடவக் கலைஞனை நாம் ‘கலைஞனின் சஞ்சல மனம்’ என்று மன்னித்துவிடுகிறோம். அதையே செய்த பெண் கலைஞரை அவருடைய பாட்டைக் கேட்டுக்கொண்டே பழிக்கிறோம். குடும்பத் தொழிலாகப் பாட்டைப் பெற்ற பெண்ணுக்குப் பழைய சமூகம் வைத்திருந்த இடம், ரேடியோவும் சினிமாவும் வந்தபின்னும் எவ்வளவு சிறிதளவே நகர்ந்தது என்பதற்கு அவருடைய வாழ்வு சாட்சி. அவர் அதற்குத் தலைகுனியவில்லை. பளபளக்கும் சேலையும் நகையும் அணிந்து, நிமிர்ந்த தலையோடு மேடையில் நின்றார். அதை ஆடம்பரம் என்றனர் சிலர். மறைந்து வாழச் சொன்ன உலகுக்கு அவர் கொடுத்த விடை அது என்று கொள்ளுதலே பொருத்தம்.

மீண்டும் பம்பாய்

1982-ஆம் ஆண்டில், இந்தியப் பேசும்படத்தின் பொன்விழாவை ஒட்டிய நிகழ்ச்சிக்காக நூர்ஜஹான் பம்பாய் வந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. மேடையில் அவர் பாடியவற்றுள், நாம் முன்னர்க் குறித்த ‘அன்மோல் கடீ’ பாட்டும் ஒன்று. அந்நிகழ்ச்சியின் பதிவு இன்றும் கிடைக்கிறது. குரலில் முதுமையின் கரகரப்பு உண்டு. மேல் ஸ்தாயியை எட்டுவதில் முன்பிருந்த எளிமை இல்லை. ஆயினும் அழைக்கும் அம்முதற்சொல் எழும்போது, அதன் பொருள் முன்னையதைவிட விரிந்துவிட்டது. 1946-இல் அஃது ஒரு கதைப்பெண் தன் காதலனை அழைத்த அழைப்பு. 1982-இல் அதே சொல், போய்விட்ட ஒரு காலத்தையும், கோடு கிழித்துப் பிரிக்கப்பட்ட ஒரு கலையுலகத்தையும் அழைத்தது. மெட்டு மாறவில்லை, சொல் மாறவில்லை, பாடியவரும் கேட்டவரும் வாழ்ந்த வாழ்வே மாறியிருந்தது. அதையும் ஏற்று நடிக்க அக்குரலால் முடிந்தது.

2000-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள், ரமலான் மாதத்தின் புனித இரவொன்றில், நூர்ஜஹான் கராச்சியிற் காலமானார். அன்றிரவே அந்நகரில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய வாழ்வை உயர்வு, தாழ்வு என்று இரு துண்டாக்குவது சரியன்று என்பதே நம் முடிபு. மேடைக் குழந்தையாயிருந்தபோதும், திரையில் நாயகியாயிருந்தபோதும், முகம் தெரியாத குரலாயிருந்தபோதும் அவர் செய்தது ஒன்றே: கொடுத்த சொல்லை உயிரோடு நடித்துக் காட்டியது. அச்சொல் நல்லதாயிருந்தபோது அவர் கலை எவ்வளவு உயரும் என்பதைப் பைஸின் கவிதையும் குர்ஷித் அன்வரின் மெட்டும் காட்டின. அது கெட்டபோது என்ன நேரும் என்பதைப் பின்வந்த படங்கள் காட்டின. நல்ல குரல் எப்போது எந்த வீட்டிற் பிறக்கும் என்பது நம் கையில் இல்லை. பிறந்த குரலுக்கு நல்ல சொல்லையும், பாடுபவருக்கு மானத்தோடு நிற்க ஓரிடத்தையும் கொடுப்பது நம் கையில் உள்ளது. பாட்டைக் கேட்டுத் தலையசைக்கும் ஒவ்வொருவரும் இதைச் சிந்திப்பாராக.